91 வோல்ட் பரீட்சை

மச்சான் கலிபோர்னியாவுல சி-7 லைசென்ஸ் பரீட்சைக்குப் படிக்கிறான். லோ வோல்டேஜ் கான்ட்ராக்டர். 91 வோல்ட்டைத் தாண்டின வேலையில கை வைக்கக் கூடாது. தண்டையார்பேட்டையில கேமரா மாட்டுற நான்தான் வீடியோ கால்ல கேள்வி கேக்குற வாத்தியார்!

"ஃபயர் அலாரம் இதுல வருமாடா?"

"24 வோல்ட்தானே, வரும்."

வராது ராசா! அதுக்கு சி-10, அதாவது எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் லைசென்ஸ் வேணும்.

மத்தபடி தொழில் பேப்பர்ல ஆள் கில்லாடி. நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல இழுக்கக் கூடாதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வான். சட்டம், வியாபாரம்னு தனியா ஒரு பேப்பர் இருக்கு பாருங்க, அங்கதான் முழிக்கிறான். வீட்டு வேலைக்கு அட்வான்ஸ் 10 சதவீதம் இல்லன்னா 1000 டாலர், எது கம்மியோ அதுக்கு மேல வாங்கக் கூடாதாம். இங்க நான் பாதிக் காசு வாங்காம டிரில்லிங் மெஷினைப் பையிலிருந்தே எடுக்க மாட்டேன்.