பட்ஜெட் பற்றாக்குறையோட நிஜ சைஸ்

பட்ஜெட் அன்னிக்கு டிவில பற்றாக்குறை (மத்திய அரசு வரவை மீறி கடன் வாங்கி செலவு பண்ற பணம்) இத்தனை சதவீதம்னு ஒரு நம்பர் ஓடும், எல்லாரும் அதை வெச்சே சண்டை போடுவாங்க, அந்த நம்பருக்கு வெளியில எவ்ளோ கடன் நிக்குதுன்னு மட்டும் யாரும் கேக்க மாட்டேங்குறாங்க, எனக்கு அதான் ஆத்திரம்.

ரேஷன் அரிசியவே எடுத்துக்கோங்க. எஃப்சிஐ, அதாவது இந்திய உணவுக் கழகம், வாங்குற விலைக்கும் குடுக்குற விலைக்கும் நடுவுல விழற நஷ்டத்தை மத்திய அரசு மானியமா தரணும். பல வருஷம் முழுசா தராம, தேசிய சிறுசேமிப்பு நிதில கடன் வாங்க வெச்சாங்க. அது யார் காசு? மயிலாப்பூர் போஸ்ட் ஆபீஸ்ல நம்ம அம்மாங்க கட்டுற ஆர்டி, செல்வமகள் கணக்கு, இந்த மாதிரி பணம்தான்! கடன் எஃப்சிஐ பேர்ல இருந்ததால பற்றாக்குறை கணக்குல வரவே இல்ல. அரசுக் கணக்கை தணிக்கை பண்ற சிஏஜியே இதை ரிப்போர்ட்ல எழுதிச்சு.

2021 பிப்ரவரில நிர்மலா சீதாராமன் இதை பட்ஜெட்டுக்குள்ள கொண்டு வந்தாங்க, நல்ல காரியம், மனசார சொல்றேன். 2020-21 உணவு மானியம் முதல்ல பட்ஜெட்ல போட்ட 1.15 லட்சம் கோடிலேருந்து 4.22 லட்சம் கோடிக்கு எகிறிச்சு (கொரோனா இலவச அரிசியும் அதுல சேர்த்தி), மொத்த பற்றாக்குறை திருத்தின கணக்குல ஜிடிபில (நாட்டோட மொத்த உற்பத்தில) 9.5% ஆச்சு.

இன்னொன்னு, 2025-26 பட்ஜெட்ல பற்றாக்குறை 15.69 லட்சம் கோடி, அதே வருஷம் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி. இதுல மாநிலங்களோட கடன் சேரல, நம்ம தமிழ்நாட்டோடதும்தான். ஹைவேஸ் ஆணையம் பாண்டு (கடன் பத்திரம்) போட்டு வாங்கின கடனும் இதுக்கு வெளியிலதான் இருக்கு.