தென்மலைக்கு மான் பார்க்கப் போன பால்காரர்

செங்கோட்டையில் ரயில் ஏறும்போதே அத்தான் மான் பண்ணை வைக்கக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். புண்ணாக்கு விலை ஏறுகிறது, பால் விலை ஏறவில்லை, கறவைக்கு ஆள் கிடைப்பதில்லை. மான் என்றால் புல்லைத் தின்னும், கறி விற்கும், கொம்பும் விற்கும். நியூசிலாந்துக்காரன் செய்கிறானே என்று வீடியோவையும் காட்டினார். ஈமு வளர்ப்பில் பணத்தைப் போட்டு 2012-இல் கையைச் சுட்டுக்கொண்ட பெருந்துறைப் பக்கத்து ஆட்களை நினைவுபடுத்தினேன். "அது பறவை, இது மான்" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

பாதை அழகானது. 1904-இல் மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கி, 2018-இல் அகலப் பாதையாகத் திறந்த மலை ரயில். குகையும் பதின்மூன்று கண் பாலமும் வழியிலேயே வருகின்றன. ஆரியங்காவு வந்ததும் அத்தானுக்கு முகம் சுண்டியது. நம் பக்கத்துப் பால் வண்டிகளைக் கேரளப் பால்வளத் துறை சோதிக்கும் சாவடி அந்த ஊர்ச் சாலையில்தான் இருக்கிறது.

தென்மலை மான் மறுவாழ்வு மையத்தில் புள்ளிமான்களைத் தாண்டி மிளா என்கிற பெரிய காட்டு மான் ஒன்றிடம் நின்றுவிட்டோம். கொம்பைப் போர்த்தியிருந்த மென்தோல் உரியும் பருவம். வேலிக்கம்பத்தில் தேய்த்துத் தேய்த்து, இரத்தம் கசியும் தோல் கந்தலாகக் கண்ணருகே தொங்கியது. ஈ மொய்த்தாலும் அது தேய்ப்பதை நிறுத்தவில்லை. தோல் உரிவதற்கு முன்பே, கொம்பு இளசாக இருக்கும்போது அறுத்துத்தான் நியூசிலாந்தில் கொரியாவுக்கும் சீனாவுக்கும் அனுப்புகிறார்கள்.

அங்கிருந்த காவலர் ஆரியங்காவுத் தமிழர். அத்தான் ஆசையைச் சொன்னதும் சிரித்தார். "அண்ணாச்சி, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தெரியாதா? பிடித்தாலும் குற்றம், கட்டி வளர்த்தாலும் குற்றம். காட்டில் உதிர்ந்து கிடக்கிற கொம்பை எடுத்து விற்றால் அதற்கும் வழக்கு."

"என் சோளத்தை அது தின்னலாமா?"

"அதற்கு நஷ்ட ஈடு கேட்டு மனுக் கொடுங்கள்."

கேள்வி நியாயமானதுதான். ஆனால் நியூசிலாந்துக் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டைக்காக இங்கிலாந்திலிருந்து கொண்டுபோய் விட்ட செம்மான், நியூசிலாந்துக் காட்டையே மேய்ந்து தொல்லையாகிவிட்டது. அரசே ஆள் வைத்துச் சுட்டது. பிறகு ஹெலிகாப்டரிலிருந்து வலை வீசி உயிரோடு பிடித்து, 1970-களில் பண்ணையில் அடைத்தார்கள். அங்கே அது வந்தேறி விலங்கு. பண்ணைக்கு அனுப்புவதே காட்டுக்கு நல்லது. இங்கே மான் புலிக்கும் செந்நாய்க்கும் இரை. மான்கறிக்குச் சந்தை திறந்துவிட்டால் பண்ணைக் கறி எது, திருட்டுக் கறி எது என்று யார் பிரித்துப் பார்ப்பது? இந்த இடத்தில் நான் சட்டத்தின் பக்கம்தான்.

சட்டம் விட்டாலும் தொழில் லேசானதில்லை என்றார் காவலர். ஆளுயரத்துக்கு மேல் வேலி வேண்டும். விரட்டிப் பிடித்தால், பிடிபட்ட அதிர்ச்சியிலேயே சில நாளில் செத்துப்போகும். மாட்டுக்கு வரும் கோமாரி மானுக்கும் வரும். ஊசி போட அது நிற்காது. அத்தான் கடைசிச் செய்தியைத்தான் கவனித்துக் கேட்டார். போன கோமாரியில் ஒரு கறவையை இழந்தவர்.

திரும்பும் ரயிலில் பாவூர்சத்திரத்துச் சந்தையில் வெள்ளாட்டுக் குட்டி என்ன விலை போகிறது என்று யாருக்கோ போன் செய்து விசாரித்துக்கொண்டு வந்தார்.