பாதி மிச்சமிருந்த மாத்திரை அட்டை

ஹவுஸ் சர்ஜனாக இருந்த வரைக்கும் இதயநோய்ப் பிரிவுதான் என் கணக்கு. ஈசிஜி நன்றாகப் பார்ப்பேன், மார்க்கும் மோசமில்லை. அந்தக் கணக்கைக் கலைத்தது ஒரு மாத்திரை அட்டை.

பிரஷர் இறங்கவே இல்லை என்று ஒரு அம்மாவுக்கு இரண்டாவது மருந்து எழுதப் போனேன். அவர் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பாதி அப்படியே இருந்தது. "ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டா ரெண்டு மாசம் வருமே, டாக்டர்." மருந்து வாங்க வந்தால் ஒரு நாள் கூலி போய்விடுமாம். 'மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை' என்று எனக்கு முன்பே மூன்று பேர் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தார்கள். நானும் பேனாவைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

அன்றிரவுதான் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் எழுதியதைத் தேடிப் படித்தேன். வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்த குடும்ப மருத்துவர் அவர். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்றார். சந்தை புகப் புக இது மோசமாகும் என்றும் சொன்னார்.

குடும்ப மருத்துவ மேற்படிப்புக்கு விண்ணப்பித்ததும், "ஜெனரல் டாக்டர் ஆகறதுக்கு மேல வேற படிக்கணுமா?" என்றார்கள் வீட்டில். நேர்முகத் தேர்வுக்கு, ஆரம்ப சுகாதாரம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்ற அல்மா ஆட்டா பிரகடனம், 1978 என்றெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அட்டைக் கதையையும் உருக்கமாகச் சொன்னேன். எதிரே இருந்தவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்புறம் அந்த அம்மா எப்படி இருக்காங்க?"

தெரியாது. வார்டு மாறியதோடு மறந்திருந்தேன். காது சூடானது. இருந்தும் இடம் கொடுத்தார்கள்; ஏன் என்று இன்றுவரை கேட்கவில்லை.

பயிற்சி 3 வருடம். பிரசவம், தோல், மனநலம் என்று சுற்றியதெல்லாம் ஓடிவிட்டது. எனக்கென்று ஒதுக்கிய நோயாளிகளில் வராதவர்களின் பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே போனது. ஒவ்வொருவராகப் போன் செய்தேன். பலருக்குக் காலை நேரம்தான் சிக்கல். அது வேலை நேரம். வாரம் ஒருநாள் மாலையும் பார்க்கலாம் என்று கேட்டேன். கொள்கை அளவில் எல்லோருக்கும் சம்மதம். "யாரு டாக்டர் பூட்டுறது?" என்றார் சிஸ்டர். அதிலேயே நாலு மாதம் போனது.

இப்போது சாவி என் பையில். பிரஷர் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு 90 நாள் மாத்திரையைச் சேர்த்தே எழுதுகிறேன். மறுபடி வரும்போது முதலில் அட்டையைத்தான் எடுக்கச் சொல்வேன், பிரஷர் கருவி அப்புறம்.