குளுக்கோஸ் குடிக்க வரும் பெண்கள்

காரைக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்போம். சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. மசக்கை இருப்பவர்களுக்கு அதைக் குடித்து முடிப்பதே பெரும் பாடு.

ரிசல்ட் வந்ததும் கூட வந்தவர்களுக்குள் பேச்சு ஆரம்பிக்கும். "அவுக ஆயாவுக்கும் சுகர், ஆத்தாவுக்கும் சுகர். அங்கிட்டிருந்துதான் வந்திருக்கு" என்பார் மாமியார். பெண்ணின் அம்மா விடுவாரா? "மாசமானதுலேருந்து கந்தரப்பமும் பணியாரமுமாக் கொடுத்தா ஏறாதா?" (அந்த மாமியாரின் சுகர் ரிப்போர்ட்டும் எங்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். வாயைத் திறக்க மாட்டோம்.)

இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் நஞ்சுக்கொடியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடம்பில் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. பிள்ளைக்குச் சர்க்கரை தாராளமாகப் போய்ச் சேர இயற்கை செய்துகொண்ட ஏற்பாடு அது. ஆறாம் மாதத்துக்கு மேல் இது நன்றாகவே தெரியும். ஈடுகட்டக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்க வேண்டும். பெரும்பாலோருக்குச் சுரந்துவிடும். சிலருக்கு முடிவதில்லை. மரபணு வருவது இங்கேதான். டிசிஎஃப்7எல்2 என்று ஒரு மரபணு இருக்கிறது. அதன் ஒரு வகை இருந்தால் இன்சுலின் சுரப்பு மந்தமாகும் என்று 2006-ல் தெரிந்தது. அது ஒன்று மட்டுமல்ல, இப்படிச் சின்னச் சின்னதாக நூற்றுக்கணக்கில் உண்டு. சாதாரண நாளில் வெளியே தெரியாத அந்தக் குறையைக் கர்ப்பம் சீக்கிரமே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

பிரசவத்தில் நஞ்சு விழுந்ததும் அந்த ஹார்மோன்கள் போய்விடும், சர்க்கரையும் பெரும்பாலும் இறங்கிவிடும். "எல்லாம் சரியாப் போச்சு" என்பார்கள். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். மரபணு எங்கே போயிற்று? இந்தப் பெண்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 7 மடங்கு. அதனால்தான் பிரசவமாகி 6 வாரத்துக்கு மேல் மறுபடி குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும். ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில். கொஞ்ச நாளில் பெண் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பிவிடுவாள். அந்தச் சோதனைக்கு வருபவர்கள் குறைவு.

இப்போதெல்லாம் பெண்ணிடம் சொல்வதோடு நிற்பதில்லை, அவள் அம்மாவிடமும் சொல்லிவிடுகிறேன்: "ஆச்சி, பிள்ளைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட வர்ற அன்னிக்கு மகளை வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க, சோதனையையும் முடிச்சிரலாம்."