‘செல் வளரல’

போனில் நான் சொன்னது இவ்வளவுதான்: “செல் வளரலம்மா. திரும்ப ரத்தம் எடுக்கணும்.” மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. கன்டெய்னர் லாரி ஒன்றின் ஹாரன் மட்டும் கேட்டது. அப்புறம் அந்த அம்மா கேட்டார்: “இன்னா மேடம் சொல்றீங்க? அதான் எம் பொண்ணு வளராமயே கீறாளா?”

“இல்லம்மா, அது வேற, இது வேற” என்றேன். எது வேறு என்று சொல்லவில்லை. பெண்ணுக்குப் பதினோரு வயது, ஏழு வயதுப் பிள்ளையின் உயரம். அதற்காகத்தான் குரோமோசோம் பார்க்க அனுப்பியிருந்தார்கள். அந்தத் தாயிடம் போய் ‘வளரல’ என்ற சொல்லை எடுத்திருக்கக் கூடாது. ஆனால் லேபில் நாங்கள் பேசுவது அப்படித்தான். வேறு சொல் வாயில் வரவில்லை.

ரத்தத்தில் ஓடும் லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணு சாதாரணமாக இரண்டாகப் பிரியாமல் ஓய்வில் கிடக்கும். ராஜ்மா பயறிலிருந்து எடுக்கிற பி.எச்.ஏ. என்ற புரதம் பட்டால்தான் பிரியத் தொடங்கும். சிவப்பணுக்களை ஒட்டவைத்து ஒதுக்கப் பயன்பட்ட அந்தப் பொருளுக்கு இப்படியொரு குணமும் உண்டு என்று பீட்டர் நோவெல் 1960இல் எழுதினார். கையில் எடுத்த கொஞ்சம் ரத்தத்திலேயே குரோமோசோமைப் பார்க்க முடிவது அதனால்தான். செல் வளர்க்கும் மீடியம் ஐந்து மில்லி, அரை மில்லி ரத்தம், கன்றுக்கரு சீரம், பி.எச்.ஏ.; 37 டிகிரியில் 72 மணி நேரம். கடைசி முக்கால் மணி நேரத்துக்குக் கோல்செமிட் சேர்ப்போம். நம்மூர்க் கண்வலிக்கிழங்கில் இருக்கிற கோல்ச்சிசினுக்கு அது நெருங்கிய உறவு. குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் இழைகளை அது உருவாக விடாது. செல் மெட்டாஃபேஸிலேயே, அதாவது குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரியும் கட்டத்திலேயே, நின்றுபோகும். பிறகு லிட்டருக்கு 5.6 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்த நீரில் கால் மணி நேரம் ஊறி உப்ப வேண்டும். அதன்பின் செல்லை அப்படியே கெடாமல் நிறுத்திவைக்கும் ஃபிக்ஸேட்டிவ்: மெத்தனால் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு, அன்றைக்கே கலந்தது. முதல் துளிகளை ஒவ்வொன்றாக, குழாயைக் கலக்கிக்கொண்டே விட வேண்டும். இங்கே அவசரப்பட்டால் எல்லாம் கட்டிதட்டிவிடும். இத்தனையும் முடிந்து ஸ்லைடில் ஒரு மெட்டாஃபேஸ்கூட இல்லையென்றால், அதற்குப் பெயர் ‘வளரல’.

இது குழாய்க்குள் நடக்கிற கதை. உயரம் கூடுவது எலும்பு முனையில், வளர்ச்சித் தட்டில். அங்கே குருத்தெலும்புச் செல்கள் வரிசையாகப் பிரிந்து, உப்பி, எலும்புக்கு இடம் கொடுக்கும். ஒரு எக்ஸ் குரோமோசோம் குறைந்த பெண் பிள்ளைகளுக்கு ஷாக்ஸ் என்ற மரபணுவின் ஒரு பிரதி இல்லாமல் போகிறது. உயரம் குறைவதற்கு அது பெரிய காரணம். அப்படிப்பட்ட பிள்ளையின் லிம்ஃபோசைட்டும் கல்ச்சரில், அதாவது குழாயில் வளர்க்கும்போது, நன்றாகவே பிரியும். ஆகவே குழாயில் வளராததற்கும் பெண் வளராததற்கும் ஒட்டே கிடையாது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

அதைவிட உறுத்துவது வேறொன்று. அந்த ட்யூப் வந்தபோதே எனக்குச் சந்தேகம் இருந்தது. பச்சை மூடி, ரத்தம் கட்டாமல் வைக்கும் சோடியம் ஹெப்பாரின், அதெல்லாம் சரி. ஊதா மூடியாக இருந்தால் அங்கேயே திருப்பியிருப்பேன், அதிலுள்ள இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கால்சியம் இல்லாமல் பி.எச்.ஏ. வேலை செய்யாது. ஆனால் மேலே தெளிந்து நின்ற பிளாஸ்மா மஞ்சளாக இல்லை, லேசாகச் சிவந்திருந்தது; சிவப்பணுக்கள் உடைந்ததன் அடையாளம். மே மாத வெயிலுக்குப் பயந்து ஐஸ் பேக்கை ஒட்டியே வைத்து பைக்கில் கொண்டுவந்திருக்கிறார்கள். இந்த ரத்தம் அறை வெப்பத்தில் வர வேண்டும். ஐஸை ஒட்டிக் குளிரில் உறைந்தால் செல் உடைந்துவிடும்.

திருப்பியிருக்கலாம். அந்த அம்மாவுக்குக் காசிமேட்டில் இறால் உரிக்கிற வேலை. வராத நாளுக்குக் கூலி கிடையாது. பெண்ணுக்கு இன்னொரு ஊசி வேறு. சிவந்த பிளாஸ்மாவிலும் வளர்ந்த சாம்பிள்களைப் பார்த்திருக்கிறேன் என்று கல்ச்சர் போட்டேன். அந்த முடிவு தப்பென்று இன்றும் முழுசாகச் சொல்ல மாட்டேன். வளர்ந்திருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். வளராததால் கூலியும் போனது, ஊசியும் மிஞ்சியது, கூடவே நாலு நாளும் வீண்.

போனில் ஐஸ் பேக்கைப் பற்றி நான் பேசவே இல்லை. ‘செல் வளரல’ என்றால் குற்றம் யார்மேலும் விழாது என்றுதான் நினைத்திருந்தேன். விழுந்தது அந்தப் பெண்ணின் உடம்பின்மேல்.

“பாப்பாவுக்கு ஒண்ணுமில்லம்மா” என்று சொல்லியிருக்கலாமே என்று சக ஊழியர் கேட்டார். அதைச் சொல்ல என்னிடம் ஆதாரம் ஏது? ரிப்போர்ட்டை விளக்குவது டாக்டரின் வேலை, எங்கள் வாயிலிருந்து முடிவு போகக் கூடாது. இது நல்ல விதி, நான் மதிக்கிற விதி. “ரத்தம் வர்ற வழியில கெட்டுப்போச்சு, தப்பு எங்க பக்கம்” என்று சொல்ல எந்த விதியும் தடுக்கவில்லை என்பதும் உண்மை.

இரண்டாவது சாம்பிள் ஒழுங்காக வந்தது. கல்ச்சரிலிருந்து செல்களை எடுக்கும் ஹார்வெஸ்ட் முடித்து, சோதனைக்கு ஒரு ஸ்லைடு போட்டு, சிறிய லென்ஸில் பார்க்கும்போதே மெட்டாஃபேஸ்கள் கொத்துக்கொத்தாகத் தெரிந்தன. அன்று மாலையே அந்த அம்மா போன் செய்தார். “இந்த வாட்டியாவது வளந்துச்சா மேடம்?”

“நல்லா வளந்திருக்கும்மா.”

“அப்பாடா.” பக்கத்தில் யாரிடமோ “வளந்துடுச்சாம்டீ” என்று சொன்னது கேட்டது. நான் இடைமறிக்கவில்லை.

குரோமோசோம்களைப் பட்டை பட்டையாகத் தெரியவைக்கும் பேண்டிங் முடித்து எண்ணியபோது, 46 குரோமோசோம் இருக்க வேண்டிய முதல் மெட்டாஃபேஸில் 45. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கடற்காற்றில் ஈரம் கூடினால் ஃபிக்ஸேட்டிவ் மெதுவாகக் காயும், குரோமோசோம்கள் அளவுக்கு மீறிப் பரவும், ஒன்று விலகிப் போய்விடும். புதிதாக ஸ்லைடு போட்டு முப்பது எண்ணினேன். முப்பதிலும் 45, முப்பதிலும் ஒரே எக்ஸ்.

ரிப்போர்ட் டாக்டருக்குப் போனது. நான் சொன்ன ‘வளந்திருக்கு’ மூன்று நாள் முன்பே அந்த வீட்டுக்குப் போயிருந்தது.