அழுகையை விடுங்கோ, அதிமதுரத்தைப் பாருங்கோ

"வயித்துப் பிள்ளையோட அழாதை, பிள்ளைக்கு ஆகாது" என்று யாழ்ப்பாணத்தில் சொல்லாத வீடு குறைவு. அக்கறை சரி, கணக்குத்தான் பிழை.

மன அழுத்த ஓமோனான கோர்ட்டிசோல், எந்தக் கவலையும் இல்லாத தாய்க்கும் கடைசி மாதங்களில் இரண்டு மூன்று மடங்கு கூடும். பிள்ளையின் இரத்தத்திலோ அதில் பத்தில் ஒரு பங்களவுதான் இருக்கும். சூல்வித்தகத்தில் (நஞ்சுக்கொடியில்) உள்ள 11-பீட்டா-எச்எஸ்டி-2 என்ற நொதியம் பெரும்பகுதியை வேலை செய்யாத கோர்ட்டிசோனாக மாற்றிவிடுகிறது. ஒருநாள் அழுகைக்கு அது அசையாது. மாதக்கணக்கில் நீளும் பதற்றமும் மனச்சோர்வும் வேறு: அப்போது இந்தக் காவல் தளர்வதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அழுத்தத்துக்குக் கடிவாளம் போடும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியில், இந்த ஓமோனைப் பிடித்துக்கொள்ளும் வாங்கிகள் நெருக்கமாக இருப்பதால், அடி அங்கே விழக்கூடும். அப்படிப்பட்ட தாய்மாருக்குக் குடும்பநல உத்தியோகத்தரின் உதவி வேண்டும், புத்திமதி அல்ல.

அழாதே என்பவர்களே இருமலுக்கு அதிமதுரம் அவித்துக் கொடுப்பதுதான் வேடிக்கை. அதிலுள்ள கிளிசிரைசின் அதே நொதியத்தை நேரடியாகத் தடுக்கிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 1998இல் பிறந்த பிள்ளைகளைப் பன்னிரண்டு வயதளவில் சோதித்தார்கள். கர்ப்பத்தில் கிழமைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கிளிசிரைசின் (அந்த ஊர் அதிமதுர மிட்டாயில் சுமார் 250 கிராம்) உண்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு நுண்ணறிவுப் புள்ளி சராசரியாக ஏழு குறைவு, கவனக்குறைவும் அதிகம். காரணம் இதுதான் என்று அந்த ஆய்வு மட்டும் நிறுவாது. ஆனாலும் பொறிமுறை பொருந்துகிறது.

வேருக்கு வேர் கிளிசிரைசின் அளவு மாறும், அவித்தால் தண்ணீரில் இறங்கும். அதனால் வீட்டில் "ஒரு துண்டு போதும்" என்ற அளவு கிடையாது. ஒருமுறை குடித்துவிட்டால் பதற வேண்டாம், தினமும் வேண்டாம். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் போட்ட குடிநீருக்கு அதிமதுரம் அவசியமே இல்லை. பைக்கற்றில் வரும் மூலிகைப் பானங்களில் சிங்களத்தில் "வெல்மி" என்றிருந்தாலும் அதுதான். சிறுநீரகத்திலும் இதே நொதியம் இருப்பதால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். கிளினிக்கில் பிரஷர் கூடியிருந்தால் குடித்ததை மறைக்காதீர்கள்.

கோர்ட்டிசோலைப் போல வேலை செய்யும் மாத்திரை, ஊசி விஷயத்தில் ஒரு குழப்பம். ஆஸ்துமாவுக்குத் தரும் பிரெட்னிசொலோனை நொதியம் பெருமளவு தடுத்துவிடும். பயந்து நீங்களாக நிறுத்தினால் மூச்சுத்திணறல்தான் பிள்ளைக்குக் கூடிய ஆபத்து. குறைமாதப் பிரசவம் நெருங்கும்போது 12 மணித்தியாலத்துக்கு ஒருக்கா 6 மில்லிகிராம் வீதம் நான்கு முறை போடும் டெக்ஸாமெத்தசோன், காவலைத் தாண்டிப் பிள்ளையின் நுரையீரலுக்குப் போகவேண்டும் என்பதற்காகவே தெரிவுசெய்யப்பட்டது. மூளையையும் அது தொடும் என்பதால்தான் வைத்தியர்கள் அதைத் திரும்பத் திரும்பப் போடத் தயங்குகிறார்கள்.