சி3 ஏறினால் அம்மாவையும் விசாரியுங்கள்

பச்சிளம் குழந்தைகளுக்குப் பிறவி வளர்சிதை நோய் இருக்கிறதா என்று பார்க்கும் எங்கள் லேபுக்கு வரும் சாம்பிள் ஒரு காகித அட்டைதான். பிறந்து இரண்டு மூன்று நாளான குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தம், வட்டம் வட்டமாகக் காய்ந்திருக்கும். அதில் சுமார் 3 மி.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, மெத்தனாலில் ஊறவைத்து, மூலக்கூறுகளை எடை பார்த்துப் பிரிக்கும் டேன்டம் மாஸ் கருவிக்குள் அனுப்பினால், சில நிமிடங்களில் அமினோ அமிலங்களும் அசைல்கார்னிடைன்களும் (கொழுப்பும் புரதமும் உடையும்போது வரும் துணுக்குகள் கார்னிடைனோடு ஒட்டியவை) எண்களாக வந்துவிடும். 1934இல் நார்வே மருத்துவர் ஃபோலிங், சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டு, அது பச்சையாவதைப் பார்த்துத்தான் ஃபீனைல்கீட்டோனூரியாவை, அதாவது ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை உடலால் உடைக்க முடியாத பரம்பரை நோயை, கண்டுபிடித்தார். அங்கிருந்து இந்தத் துளிக்கு வந்திருக்கிறோம் என்பதில் எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் எண் வந்ததும் வேலை முடிந்தது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சி3, அதாவது புரோப்பியோனைல்கார்னிடைன் என்ற அசைல்கார்னிடைன், ஏறியிருந்தால் மெத்தில்மலோனிக் அசிடீமியாவோ புரோப்பியோனிக் அசிடீமியாவோ இருக்கலாம், இரண்டுமே புரதத்தைச் சரியாக உடைக்க முடியாமல் ரத்தத்தில் அமிலம் சேரும் பரம்பரை நோய்கள், சில நாட்களில் குழந்தையைச் சாய்த்துவிடக்கூடியவை, அதனால் வார்டுக்கு உடனே போன் போக வேண்டும், அதில் தயக்கமே கூடாது. அதே சமயம் புரதத்தை உடைக்கும் அந்தப் பாதையில் ஒரு என்சைம் வேலை செய்ய பி12 வேண்டும். அம்மாவுக்கு பி12 குறைவென்றால் குழந்தைக்கும் குறையும், என்சைமில் எந்தப் பழுதும் இல்லாமலே சி3 ஏறிவிடும். பரம்பரை நோய்க்கு வாய்ப்பைக் கூட்டும் சொந்தத்துக் கல்யாணமும் நம் ஊரில் உண்டு, பி12 குறைவும் உண்டு. கருவிக்கு இரண்டும் ஒரே பீக், வரைபடத்தில் ஒரே மேடு.

அதனால் போனில் நான் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "சிஸ்டர், அம்மா என்ன சாப்பிடுறாங்க?" என்பது. கர்ப்பம் முழுக்க வாந்தி, பாலும் முட்டையும் தொடவில்லை என்று பதில் வந்தால், அம்மாவின் பி12, அது குறைந்தால் ஏறும் ஹோமோசிஸ்டீன், குழந்தையின் சிறுநீரில் மெத்தில்மலோனிக் அமிலம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். பி12 குறைவுதான் என்றால் ஊசியில் சரியாகிவிடும். மற்றது பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க புரதத்தை அளந்து கொடுக்க வேண்டிய நோய். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரு குடும்பம் படும் பாடு கொஞ்சமா?

வார்டில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அட்டையோடு வரும் படிவத்தில் அம்மாவின் உணவு, ஆன்டிபயாடிக், குழந்தைக்கு ரத்தம் ஏற்றியது ஆகியவற்றுக்கான கட்டங்களை வெறுமையாக விடாதீர்கள். அப்புறம், அட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போடாமல் குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் நிழலில் காயவிடுங்கள்.